வாவி கடந்த கல்வி: மட்டக்களப்பில் தொலைக்கல்வி வளர்ந்த வரலாறு

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய எழுவான்கரை; மேற்கே வயலும் குளமும் மாட்டுப்பட்டியுமாக விரிந்த படுவான்கரை. கச்சேரி, பெரியாஸ்பத்திரி, பெயர்பெற்ற கல்லூரிகள் எல்லாம் எழுவான்கரையிலும், வாவிக்குள் தீவாக இருக்கும் புளியந்தீவிலும் அமைந்தன. ஆகவே படுவான்கரையாருக்குப் படிப்பு என்பது தண்ணீரைக் கடக்கும் காரியமாயிற்று. ஆளையும் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஒன்றாக ஏற்றிச்செல்லும் தட்டையான மிதவையை இங்கே ‘பாதை’ என்பார்கள். வெளியூரவருக்கு இச்சொல் வியப்பாக இருக்கும். எங்களுக்குப் பாதை என்றாலே நீரில் மிதப்பதுதான். மண்முனை, அம்பிளாந்துறை, குருமண்வெளி என்று துறைகளின் பெயரைச் சொல்லித்தான் இப்பிரதேசத்தின் தொலைக்கல்வி வரலாற்றைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

1814இல் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கிய பாடசாலையே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. மறு ஆண்டே அவர் இம்மண்ணில் மறைந்தார். 1873இல் புனித மிக்கேல் கல்லூரி எழுந்தது. இவ்விரண்டும் இம்மாவட்டத்துக்குத் தந்த மனிதர்கள் ஏராளம். ஆயினும் அக்கல்லூரிகளின் வாசலுக்கு வந்துசேர முடிந்தவர்கள் சிலரே. வரமுடியாதவர்களும், வந்து ஓரளவு படித்தபின் மேலே செல்ல வழியில்லாதவர்களும் எப்படிக் கற்றார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அந்த வழியில் எங்கள் முன்னோடி சுவாமி விபுலாநந்தர். அவரை முத்தமிழ் முனிவராகவும் ‘யாழ் நூல்’ ஆசிரியராகவும் போற்றுகிறோம். வெளிவாரிப் பரீட்சார்த்தியாக நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் (அதுவே அவரது இயற்பெயர்), மட்டக்களப்பின் மேற்சொன்ன இரு கல்லூரிகளிலும் பயின்றபின் ஆசிரியத் தொழிலை ஏற்றார். வேலையைக் கைவிடாமலே படித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் சித்தியடைந்து, ஈழத்தவருள் அப்பட்டம் பெற்ற முதல்வரானார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். மதுரையும் இலண்டனும் எங்கே, அவர் இருந்த ஊர் எங்கே! இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டின் சாசனத்தால் தன் பரீட்சைகளை எவ்விடத்தில் எவ்வாறு கற்றவர்க்கும் திறந்துவிட்டிருந்தது. அந்தக் கதவு வழியே நுழைந்தவர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பல்கலைக்கழக வகுப்பறையில் அமராமல் பட்டம் பெற்ற ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையையே தொடக்கிவைத்தார் என்பதை இம்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் அடிக்கடி எடுத்துச் சொல்ல வேண்டும்.

1930களிலும் 40களிலும் கிராமத்து ஆசிரியர்கள் இதே வழியில் நடந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1921இல் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்று படிமுறையாகப் பரீட்சைகளை நடத்தியது. பாடசாலை விட்டபின் திண்ணையில் அரிக்கன் லாம்பைக் கொளுத்திவைத்துக்கொண்டு நன்னூலையும் தொல்காப்பியத்தையும் தாமே ஓதிப் படித்துப் பண்டிதரானவர்கள் வாவியின் இரு கரையிலும் இருந்தனர். அக்காலத்தில் தொலைக்கல்வி என்ற சொல்லே பிறக்கவில்லை. ‘தனிப்படிப்பு’ என்றார்கள். ஐயம் வந்தால் கேட்க ஆளில்லை. தபாலில் எழுதிக் கேட்டால் மறுமொழி வர வாரக்கணக்காகும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து, மத்திய கல்லூரிகள் கிராமப்புறங்களை எட்டிய பின்னர் இந்தத் தனிப்படிப்பாளரின் தொகை கூடியதேயன்றிக் குறையவில்லை. கல்வியின் சுவை கண்டவர்கள் பெருகினர். பல்கலைக்கழகத்தின் கதிரைகளோ எண்ணிக்கைக்கு அடங்கியவை.

1950களிலும் 60களிலும் இலங்கை வானொலியின் பாடசாலை ஒலிபரப்புகள் வகுப்பறைகளில் ஒலித்தன. அறுபதுகளின் இறுதியில் உலகில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. 1969இல் பிரித்தானியா திறந்த பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவி, 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதுவரை வெளிவாரி மாணவருக்குக் கிடைத்தது பாடத்திட்டமும் பரீட்சைத் திகதியும் மட்டுமே. இந்தப் புதிய பல்கலைக்கழகமோ பாடத்தையே வீட்டுக்கு அனுப்பியது. ஒப்படை எழுதுவித்து, திருத்தி, குறிப்பெழுதித் திருப்பித் தந்தது. பரீட்சிப்பதோடு நில்லாமல் கற்பிக்கவும் பொறுப்பேற்றது என்பதே வேறுபாடு. வளரும் நாடுகள் இதை விரைந்து பற்றிக்கொண்டன. பாகிஸ்தானில் 1974இலும் தாய்லாந்தில் 1978இலும் திறந்த பல்கலைக்கழகங்கள் தோன்றின.

இலங்கையில் 1972இல் பல்கலைக்கழகங்கள் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டபோது வெளிவாரி மாணவர்க்கென ஒரு வெளிவாரிச் சேவைப் பிரிவு ஏற்பட்டது. 1976இல் கல்வி அமைச்சின் கீழ் தொலைக்கல்வி நிறுவகம் தொடங்கிக் கணிதம், விஞ்ஞானம், தொழில்நுட்பம், முகாமை ஆகிய துறைகளில் தபால்வழிப் பாடங்களை அனுப்பியது. இந்த இரண்டும் ஒன்றாகி, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உருவாயிற்று. நாவலையில் தலைமை வளாகம் அமைந்தது. இந்தியாவின் முதல் திறந்த பல்கலைக்கழகம் ஐதராபாத்தில் 1982இல்தான் தோன்றியது. சிறிய நாடாகிய நாம் இந்த விடயத்தில் பெரிய அயலவருக்கு இரண்டாண்டு முந்தினோம் என்பதை இங்கே பதிவது பொருத்தம்.

அந்தப் பல்கலைக்கழகம் பிறந்த காலத்தில் மட்டக்களப்பு இடிந்து கிடந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி 900க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. கூரையில்லாப் பாடசாலைகளில், தறித்துப்போட்டாற்போலக் கிடந்த தென்னைகளுக்கு நடுவே, பிள்ளைகள் மறுபடி எழுத்தைத் தொட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழியுமுன், 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாயிற்று. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னாளில் வெளிவாரிப் பட்டங்களையும் வழங்கி எங்கள் தொலைக்கல்வி வரலாற்றில் தானும் பங்குகொண்டது. திறந்த பல்கலைக்கழகமும் மட்டக்களப்பில் தன் கற்கை நிலையத்தை நிறுவியது. அந்த நிலையமே வளர்ந்து இன்று பிராந்திய நிலையமாக நிற்கிறது.

எண்பதுகளைப் பற்றிப் பேசும்போது பயிற்றப்படாத ஆசிரியர்களின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. தூரத்துக் கிராமங்களில் உயர்தரம் முடித்தவுடன் நியமனம் பெற்றவர்களும், சம்பளமே இல்லாமல் தொண்டர் ஆசிரியர்களாகக் கற்பித்தவர்களும் பாடசாலைகளைத் தாங்கிக்கொண்டிருந்தனர். இவர்களை ஆசிரிய கலாசாலைக்கு அழைத்தால் கிராமத்துப் பாடசாலையைப் பூட்ட வேண்டிவரும். எனவே பயிற்சியே அவர்களைத் தேடி வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்வி அமைச்சு வகுத்த தொலைக்கல்வி ஆசிரியர் பயிற்சியைப் பின்னர் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய கல்வி நிறுவகம் பொறுப்பேற்றது. பாடத்தொகுதிகள் கைக்கு வந்தன. வார இறுதிகளில் நேர்முக வகுப்புகள் நடந்தன. திங்கட்கிழமை காலை, சனிக்கிழமை கற்றதையே வகுப்பில் செய்துபார்க்கலாம். இதைவிடச் சிறந்த ஆசிரியர் பயிற்சி எதையும் நான் அறியேன். இக்கட்டுரையாளரும் அவ்வழி வந்தவனே. ஆகவே அடுத்து எழுதுவதைச் சொந்தச் சாட்சியமாக ஏற்கலாம்.

பாடத்தொகுதி ஒரு சாதாரணப் புத்தகமன்று. பக்கத்தின் ஓரத்தில் அகலமாக வெற்றிடம் விட்டிருப்பார்கள், குறிப்பெழுத. ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் கட்டம் போட்டு ஒரு சுயமதிப்பீட்டு வினா. விடை கடைசிப் பக்கங்களில் இருக்கும். பார்க்காமல் எழுதிவிட்டுத்தான் புரட்ட வேண்டும் என்பது நாமே நமக்கு இட்டுக்கொண்ட சட்டம். புத்தகம் நம்மோடு பேசியது: ‘இதுவரை வாசித்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்’, ‘உங்கள் வகுப்பில் இது நடந்ததுண்டா?’ என்று. எங்கோ கொழும்பில் இருந்து ஒருவர், படுவான்கரையில் என் ஊரான மண்டூரில் குப்பி விளக்கில் படிப்பவனை நினைத்து இந்த வரியை எழுதியிருக்கிறாரே என்று ஓர் இரவு எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அந்த எழுத்தாளர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் இவ்வேளை நன்றியோடு நினைக்கிறோம். ஆங்கிலத்தில் ஆயத்தமான பாடங்கள் பலவற்றைத் தமிழாக்கும்போது கலைச்சொல் ஒவ்வொன்றையும் தேடிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஆசிரியர் எதிரில் இல்லாத கல்வியில் ஒரு சொல் மங்கினாலும் மாணவன் வழி தவறுவான். அவர்களுள் பலரின் பெயர் முதற்பக்கத்தில் சிறிய எழுத்தில் மட்டுமே இருக்கும்.

ஒப்படைகளுக்கு இறுதித் திகதி உண்டு. அதுதான் தொலைக்கல்வி மாணவனின் பஞ்சாங்கம். எழுதி முடித்த தாள்களை நூலாற் கட்டி, கடதாசி உறையில் இட்டு, அதைச் சீனி வந்த பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு மண்டூர்த் துறைக்கு வருவேன். மாரியில் வாவி காற்றடித்துக் குமுறும். பாதையின் தட்டில் தண்ணீர் ஏறும். “கெதியா வாங்க சேர், பாதை விடப் போறம்” என்று துறையில் நிற்பவர் குரல்கொடுப்பார். அக்கரை குருமண்வெளி. அங்கிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போய், பஸ் ஏறி, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வடக்கே நகரம். பின்னாளில் திறந்த பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்தபோதும் இதே வழி, இதே பொலித்தீன் பை. திருத்திய ஒப்படை திரும்பி வரும்போது கடைசித் தாளில் சிவப்பு மையில் நாலைந்து வரி இருக்கும். ஒருமுறை, ‘கருத்து நன்று, ஆனால் உதாரணம் உங்கள் ஊரிலிருந்து வரட்டும்’ என்று எழுதியிருந்தது. அந்த வரியை எழுதியவரை நான் கண்டதில்லை. என் பாடசாலைப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டு அதையே சொல்லிவந்தேன்.

தொண்ணூறுகள் கொடியவை. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டது. செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகம் பல்லாயிரக்கணக்கானோரின் அகதிமுகாமாயிற்று. அம்மாதம் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பவேயில்லை. கல்விக்கூடம் ஒன்றின் வரலாற்றில் இதை எழுதாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் குற்றமாகும். புகையிரதம் ஓடாத காலம், தபால் தங்கித் தங்கி வந்த காலம், மின்சாரம் இல்லாத படுவான்கரை. எழுவான்கரைக்கு வர ஒரு சோதனை, போக ஒரு சோதனை. புத்தகக்கட்டை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் கட்டிக்கொண்டு நடந்தார்கள் எங்கள் மாணவர்கள். இடம்பெயர்ந்தபோது அரிசியோடும் அடையாள அட்டையோடும் பாடத்தொகுதியையும் எடுத்துச் சென்றவர்களை நான் அறிவேன். ஒவ்வொரு நாளும் வகுப்புக்குப் போய் அமரவேண்டிய கல்வி அன்று அடிக்கடி அறுந்தது. கையிலே இருந்த கல்வி அறுபடவில்லை.

அந்த இருண்ட பத்தாண்டிலும் புதியவை பிறந்தன. திறந்த பல்கலைக்கழகம் 1994இல் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு தாதியியற் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இலங்கையில் தாதியருக்குக் கிடைத்த முதலாவது பட்டப்படிப்பு அதுவே. இரவுக் கடமை முடிந்து பகலில் படிக்கும் ஒரு தாதிக்கு வேறெந்தப் பல்கலைக்கழகம் கதவு திறந்திருக்கும்? சட்டம், கல்வியியல், பொறியியல் தொழில்நுட்பம், சமூக விஞ்ஞானம் என்று கிளைகள் விரிந்தன. பாடசாலைக் கல்வியை இடையில் விட்டவரும், 18 வயது நிறைந்திருந்தால் அடிப்படைப் பாடநெறி வழியாக ஏறிவரலாம் என்ற ஏற்பாடு, கலவர காலத்தில் படிப்பை இழந்த எங்கள் தலைமுறைக்கு இரண்டாம் பிறவியாக அமைந்தது. இதே காலத்தில் உலகம் ஒரு செய்தியை வியந்து படித்தது: தென்னாபிரிக்காவின் நெல்சன் மண்டேலா தன் சட்டப் பட்டத்தை 1989இல் சிறையிலிருந்தபடியே, தொலைக்கல்விப் பல்கலைக்கழகமாகிய யுனீசா வழியாகப் பெற்றார் என்பது. முற்றுகைக்குள் இருந்து படித்தவர்களுக்கு அது வேறு எவரையும்விட நன்றாக விளங்கியது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து வழிகள் திறந்தன. அக்காலத்தில் திறந்த பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் தாவரவியல் பேராசிரியர் உமா குமாரசுவாமி. தமிழ்ப் பெண்மணி ஒருவர் நாட்டின் தொலைக்கல்விக்குத் தலைமை தாங்கியது எங்கள் மாணவியருக்குப் பெரும் ஊக்கம். 2003இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தொலைக்கல்வி நவீனமயமாக்கல் திட்டம் தொடங்கி, இணையவழிக் கற்றலுக்கான அடித்தளம் நாடெங்கும் இடப்பட்டது.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தது. நாவலடி, திருச்செந்தூர், கல்லடி, கல்லாறு ஆகிய எழுவான்கரைக் கிராமங்கள் அழிந்தன. திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் சரிந்து நின்றதை நாடே கண்டது. புத்தகங்களோடு வீடுகள் போயின. வீடுகளோடு படித்தவர்களும் போயினர். உயிர்தப்பியவர்கள் முகாமாகிவிட்ட பாடசாலைகளில் இருந்துகொண்டே விட்ட இடத்திலிருந்து படிப்பைப் பிடித்தனர். 2006, 2007ஆம் ஆண்டுகளில் படுவான்கரையார் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்ந்து, பின் மீள்குடியேறினர். 2011 ஜனவரி வெள்ளமும் வந்து போயிற்று.

பிறகு பாலங்களின் காலம். 1924ஆம் ஆண்டின் பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மாணவர் மோட்டார் சைக்கிளில் சில நிமிடங்களில் வாவியைக் கடந்தனர். திறந்த பல்கலைக்கழகத்தின் ஞாயிற்றுக்கிழமை நாட்பாடசாலைக்கு வவுணதீவிலிருந்தும் பட்டிப்பளையிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் பெண்கள் தாமாகவே வந்து போகத் தொடங்கினர். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த இளந்தாய் ஒருவர், மத்தியான இடைவேளையில் குழந்தை பால் குடித்ததா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு, அடுத்த நிமிடம் புள்ளிவிபரவியல் கொப்பியைத் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாட்டின் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. வகுப்பறையைத் தவிர வேறொன்றும் அறியாத கல்விக்கூடங்கள் தவித்தன. பல்கலைக்கழகங்கள் சூம் வழியே விரிவுரைகளை நடத்தின. அவற்றின் கற்றல் தளங்களைக் கட்டணமின்றிப் பார்வையிடத் தொலைபேசி நிறுவனங்கள் இடமளித்தன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்களும் கிடைத்தன. ஒரு நூற்றாண்டாக இந்த வாவிக்கரையார் செய்துவந்ததை அந்த ஆண்டு முழு நாடும் கற்றுக்கொண்டது. தனியே இருந்து படிக்கும் பொறுமை, திகதியை மறவாமை, காணாத ஆசிரியரை நம்புதல் ஆகியவை எங்களுக்குப் புதியனவல்ல.

வளரும் நாடுகளின் தொலைக்கல்வி எங்கே செல்லப்போகிறது என்று இப்போது எங்கும் பேசுகிறார்கள். 1988 முதல் பொதுநலவாய நாடுகளிடையே இப்பணியைச் செய்துவரும் கற்றலுக்கான பொதுநலவாய அமைப்பு, திறந்த பாடசாலை, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இலவசப் பாடங்கள் என்று பல வழிகளைக் காட்டியுள்ளது. கைத்தொலைபேசிக்குள் நூலகமே வந்துவிட்டது. அச்சுப் புத்தகமும் தன் இடத்தை விட்டுவிடவில்லை. மின்னல் மழையில் இணையம் போனாலும் புத்தகம் போவதில்லை. இவை இரண்டோடும் மூன்றாவதாக, ஒரு சிவப்பு மைப் பேனாவைப் பிடித்த மனிதர் வேண்டும். மட்டக்களப்புக்கு அத்தகைய மனிதர்கள் குறைவின்றி இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் இதே வழியில் கற்றுவந்தவர்கள். வெளிவாரியாகப் பட்டம் பெற்றவர் வெளிவாரி மாணவருக்குக் கற்பிக்கும் சங்கிலி விபுலாநந்தரிலிருந்து இன்றுவரை அறாமல் வருகிறது.

சென்ற ஆண்டு என் தங்கையின் மகள் மண்டூரிலிருந்து திறந்த பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்தாள். பகலில் ஒரு முன்பள்ளியில் வேலை. என் அலுமாரியில் மிஞ்சியிருந்த மூன்று பழைய பாடத்தொகுதிகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றின் அட்டையில் வாவித் தண்ணீர் பட்ட கறை இன்னும் இருக்கிறது. அவள் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துத் தன் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். பிறகு ஓரத்து வெற்றிடத்தில் நான் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்து, “மாமா, நாலாம் கேள்விக்கு விடை பிழையே” என்றாள். பிழைதான். இருவருமாக இருந்து அதைத் திருத்தினோம். அவளுடைய முதலாவது ஒப்படை வரும் மாதம் 15ஆம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும்.